ஒரு சிறு குழாய் கற்பித்த பாடம்

முன்னாள் மாணவி, அமெரிக்கா

நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்பும்படி தலைமையாசிரியைச் சகோதரி அவர்கள் கேட்டபோது, என்ன எழுதுவது என்று மலைத்துப் போனேன். அமெரிக்கக் கட்டடங்களையும் பனிப்பொழிவையும் பற்றி எழுதலாம். அவற்றை என்னைவிட அழகாகப் படங்கள் காட்டிவிடும். ஆகவே, என் வீட்டுக் கார்க் கொட்டகையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஏதுமில்லை. நான் செய்த தவறு ஒன்றுதான் இக்கட்டுரையின் கரு.

என் கணவர் ஒரு விமானம் கட்டினார்!

வியப்படைய வேண்டாம். அமெரிக்காவில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தாமே விமானம் கட்டிக்கொள்ளலாம். வேலையில் பெரும்பகுதியை அவரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. அரசின் பரிசோதகர் வந்து ஏட்டையும் விமானத்தையும் பார்த்துச் சான்றிதழ் தருவார். இத்தகையோருக்கென்று 1953-இல் தொடங்கப்பட்ட சங்கம் ஒன்று நாங்கள் வாழும் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது. 1970 முதல் இம்மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் அதன் கோடைவிழா நடந்து வருகிறது. இப்போதெல்லாம் அவ்விழா வாரத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து இறங்குகின்றன. அங்கே ஒருமுறை போய் வந்தபின் என் கணவருக்குத் தூக்கம் போய்விட்டது. 2017-இல் முதல் பெட்டி எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. அலுமினியத் தகடுகளும், எண்ணி முடியாத ரிவெட்டுகளும், ஒரு கட்டு வரைபடங்களும் அதில் இருந்தன.

தூத்துக்குடியிலிருக்கும் என் தாயார் செய்தி கேட்டதும் தொலைபேசியிலேயே தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, வீட்ல செஞ்ச முறுக்குன்னா சரி. வீட்ல செஞ்ச ஏரோப்பிளேனா? அதுல ஏறவா போறீங்க?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. அச்சத்தைப் போக்க ஒரே வழிதான் தோன்றியது. நானும் வேலையில் இறங்கிவிட்டேன்.

ஐந்து ஆண்டுகள் உருண்டோடின. 2022-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் என்ஜின் பொருத்தினோம். அது லைகாமிங் ஓ-360 என்னும் வகை. நான்கு சிலிண்டர்கள், 180 குதிரைத்திறன். ஒரு நாள் மாலை என் கணவர் ஒரு ஹோஸையும் சில இணைப்புகளையும் என் கையில் தந்து, "மேனிபோல்டு அழுத்தக் குழாயை நீ இணைத்துவிடு. உனக்குத்தான் பாரமானி தெரியுமே!" என்றார்.

ஆம், எனக்குப் பாரமானி தெரியும்! நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் 1995-இல் அறிவியல் ஆசிரியைச் சகோதரி அதை எனக்குக் கற்பித்தார்கள். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, விரலால் வாயை அடைத்து, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். காற்றின் எடைதான் அதைத் தாங்கி நிற்கிறது. 76 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 29.92 அங்குலம். விமானிகள் இன்றும் இந்த அங்குலக் கணக்கில்தான் என்ஜினின் மூச்சை அளக்கிறார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது.

மூச்சு என்று சொன்னேன். அதுவே சரியான சொல். எங்கள் விமானத்தின் காற்றாடி தன் இதழ்களின் சாய்வைத் தானே மாற்றிக்கொண்டு, ஒரே சுழற்சி வேகத்தைக் காத்துக்கொள்ளும். எனவே சுழற்சியை மட்டும் பார்த்தால் என்ஜின் எவ்வளவு உழைக்கிறது என்று தெரியாது. இரண்டு பெண்கள் ஒரே நடையில் படியேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி இடுப்பில் வெறுங்குடம், மற்றவள் இடுப்பில் நிறைகுடம். அடிகளை எண்ணினால் வேறுபாடு தெரியுமா? மூச்சைக் கவனித்தால் தெரியும். அதுபோல, சிலிண்டருக்குக் காற்று செல்லும் வழியில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்தால் என்ஜினின் உழைப்புத் தெரிந்துவிடும். என்ஜின் நின்றிருக்கும்போது அளவி வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். ஓடத் தொடங்கி மெதுவாகச் சுழலும்போது, வழி ஏறக்குறைய மூடியிருப்பதால் அழுத்தம் வெகுவாகக் குறையும். விமானி வழியை முழுவதும் திறந்துவிட்டால் மீண்டும் வெளிக்காற்றின் அளவை நெருங்கும்.

இந்தச் செய்தியை என்ஜினிலிருந்து அளவிக்குக் கொண்டு செல்வதுதான் அந்தச் சிறு குழாயின் கடமை. மூன்றாம் சிலிண்டரின் தலைப்பகுதியில் ஒரு சிறு துளை உண்டு. அதில் ஓர் இணைப்பைத் திருகி, அதிலிருந்து ஹோஸை எடுத்து, என்ஜினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள எஃகுத் தடுப்பைக் கடந்து உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். அங்கே குழாய் இரண்டாகக் கிளைக்கும். ஒரு கிளை அளவிக்கு, மற்றொன்று மின்னணுப் பற்றவைப்புக் கருவிக்கு. அந்தக் கருவியும் அழுத்தத்தைப் பார்த்துத்தான் தீப்பொறியை எப்போது இடுவதென்று முடிவு செய்கிறது.

இவ்வளவு சிறிய வேலையில் எத்தனை நுணுக்கங்கள்! சிலிண்டரில் திருகும் இணைப்பினுள் ஒரு மில்லிமீட்டர் அளவே துளை இருக்கும். "இவ்வளவு சிறியதா?" என்று கேட்டேன். சிலிண்டர் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் முள் துடிக்காமலிருக்க அது உதவும். குழாய் எங்கேனும் அறுந்துவிட்டாலும் அந்தத் துளை வழியே சிறிதளவு காற்றுத்தான் என்ஜினுக்குள் புகும். செம்புக் குழாய் மிச்சமிருந்தது. அதை வைக்கலாமே என்றேன். அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி வெடித்துவிடும் என்றார். குழாய் எங்கும் தொய்ந்து பள்ளமாகக் கிடக்கக் கூடாது. கிடந்தால் பெட்ரோல் ஆவி குளிர்ந்து துளியாகத் தங்கிவிடும். துளிகள் என்ஜினுக்கே திரும்பி வடியும்படி சரிவு இருக்க வேண்டும். விமான இணைப்புகளின் கூம்பு 37 பாகைச் சாய்வு உடையது. கார்க் கடையில் கிடைப்பதோ 45 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றோடொன்றைச் சேர்த்தால் கசியும்.

எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு சடங்கு உண்டு. ஒரு நட்டை ஸ்பேனரால் உரிய அளவு முடுக்கியதும், நட்டின் மேலிருந்து பக்கத்துப் பாகத்தின் மேல்வரை ஆரஞ்சு நிறச் சாயத்தால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட் சிறிது சுழன்றாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்த கோட்டுக்குப் பொருள் ஒன்றே. 'இதை நான் முடுக்கினேன். நானே சாட்சி.'

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2023 சனவரி மாதத்தில் ஓர் இரவு. வெளியே உறைபனி. கொட்டகையில் சிறு வெப்பமூட்டி எரிந்தும் விரல்கள் மரத்துப் போயின. குழாயில் மொத்தம் ஐந்து இணைப்புகள். மூன்றை முடுக்கிக் கோடு இழுத்துவிட்டேன். எஃகுத் தடுப்பின் அருகிலுள்ள இரண்டையும் கையால் திருகி வைத்திருந்தேன். ஒன்றுக்கு ஸ்பேனர் போட்டாயிற்று. அப்போது தொலைபேசி ஒலித்தது. எங்களுக்கு இரவு எட்டு மணி, தூத்துக்குடியில் மறுநாள் காலை ஏழரை. என் தம்பி பேசினான். அம்மா புழக்கடையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார்களாம்.

சாயக் குழல் திறந்திருந்தது. விட்டால் காய்ந்துவிடும். 'பேசிவிட்டு வந்து முடுக்கிக்கொள்ளலாம்' என்று எண்ணி, மீதியிருந்த இரண்டிலும் கோட்டை இழுத்துவிட்டு, மூடியைத் திருகிவிட்டு உள்ளே ஓடினேன். ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு கண்ணீர். பிறகு செபமாலை. பிறகு தூக்கம். திரும்பி வரவே இல்லை. அம்மாவின் கை பற்றிய கவலையில் அந்த நட்டை அறவே மறந்துபோனேன்.

மூன்று வாரங்களுக்குப் பின் சங்கத்தின் ஆலோசகர் வந்தார். முதிய விமான மெக்கானிக். இளையவர்களின் வேலையைக் காசு வாங்காமல் பார்த்துச் சொல்லும் தொண்டர். டார்ச்சும் சிறு கண்ணாடியுமாக இரண்டு மணி நேரம் என்ஜினைச் சுற்றிவந்தார். எங்கள் குழாயின் மீதும் வெளிச்சம் பட்டது. ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தார். தலையசைத்தார். அடுத்ததற்குப் போய்விட்டார். நானும் அருகில் நின்று, அவருடைய பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறன்று என்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளி இரவு என் மகள் காற்றழுத்தப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. அவளுக்குப் பாஸ்கலின் கதையைச் சொன்னேன். நம் சகோதரி எங்களுக்குச் சொன்ன கதைதான்.

மேலே செல்லச் செல்லக் காற்றின் எடை குறைய வேண்டும் என்று பாஸ்கல் கருதினார். அதைச் சோதித்துப் பார்க்கும்படி தம் அக்காள் கணவர் பெரியேவைக் கேட்டுக்கொண்டார். 1648 செப்டம்பர் 19 அன்று, பிரான்சு நாட்டுக் கிளர்மோன் நகரில், மினிம் சபைத் துறவியரின் தோட்டத்தில் இரண்டு பாதரசக் குழாய்களை நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே உயரம் காட்டின. ஒன்றைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு, மற்றொன்றின் கருவிகளோடு பெரியே புய் தெ தோம் என்னும் மலைமீது ஏறினார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய மூன்று அங்குலம் இறங்கி நின்றது! ஏறியவர்கள் வியப்பில் ஆழ்ந்தார்கள். ஆனால் அந்த இறக்கம் மலையால் வந்ததா, அன்றைய வானிலை மாறியதால் வந்ததா? அதைச் சொல்லவேண்டியவர் கீழே இருந்தார். தோட்டத்தில் விட்ட குழாயை நாள் முழுவதும் கவனிக்கும் பொறுப்பு ஒரு துறவியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெயில் வந்தது, மழை வந்தது, மூடுபனியும் காற்றும் வந்தன. பாதரசம் அசையவில்லை என்று அவர் சொன்னார். அவர் சாட்சியின்மேல்தான் அந்தச் சோதனையே நின்றது.

என் மகள் சற்று யோசித்தாள். "ஏம்மா, அந்தச் சாமியார் நடுவிலே எங்கேயாவது போயிட்டு வந்து, பார்த்துக்கிட்டே இருந்தேன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

என் நெஞ்சில் சுரீர் என்றது. புழக்கடை, தொலைபேசி, திறந்திருந்த சாயக் குழல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் நினைவுக்கு வந்தன.

எல்லோரும் உறங்கியபின் எழுந்தேன். டார்ச்சும் ஸ்பேனருமாகக் கொட்டகைக்குப் போனேன். எஃகுத் தடுப்பருகே கடைசி இணைப்பு. ஆரஞ்சுக் கோடு முறியாமல் அழகாக இருந்தது. ஸ்பேனரை வைத்து மெல்லத் திருப்பினேன். கால் சுற்றுக்கு மேல் சென்று பிறகுதான் இறுகியது. கோடு இரண்டாக முறிந்தது.

இப்போது சோதனை வந்தது. நட் இறுகிவிட்டது. சாயக் குழல் கையெட்டும் தூரத்தில். பழைய கோட்டைச் சுரண்டிப் புதிதாக ஒன்று இழுத்தால் போதும். யாருக்கும் தெரியாது. யாருக்கும் கெடுதலும் இல்லை. இப்படித்தான் மனம் வாதாடியது. சாயக் குழலைத் திறந்தும்விட்டேன்.

அப்போது ஆய்வுக்கூடத்துச் சகோதரியின் குரல் காதில் விழுந்தாற்போலிருந்தது. எங்கள் செய்முறை ஏட்டில் கையெழுத்துக் கேட்டு நீட்டினால், "பாதரசத்தை நான் பார்க்கவில்லையே அம்மா. பார்க்காததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று சொல்லி, மேசைக்கு வந்து குனிந்து பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார்கள். அன்று அது எங்களுக்குத் தொல்லையாக இருந்தது.

குழலை மூடினேன். இன்னொன்றும் உறைத்தது. ஒரு கோடு பொய்யென்றால், நான் இழுத்த மற்றக் கோடுகளை யார் நம்புவது? நானே நம்பமுடியுமா?

கணவரை எழுப்பினேன். "என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. என்ஜினைத் தனியே கொண்டு ஏறி முதன்முதலில் பறக்கப்போகிறவர் அவரல்லவா!

இந்த நட் தளர்ந்தால் விமானம் விழுந்துவிடும் என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். அந்தச் சிறு துளை என்ஜினைக் காத்திருக்கும். ஆனால் அளவி பொய் சொல்லியிருக்கும். வெளிக்காற்று உள்ளே கசிய, உள்ளதைவிட அதிக அழுத்தத்தைக் காட்டியிருக்கும். பற்றவைப்புக் கருவியும் அந்தப் பொய்யை நம்பித் தீப்பொறியைத் தவறான நேரத்தில் இட்டிருக்கும். இதில் ஒரு விந்தை உண்டு. முழு விசையில் என்ஜின் முழங்கும்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றை நெருங்கியே இருப்பதால், கசிவு ஏறக்குறைய வெளியே தெரியாது. விசையைக் குறைத்து என்ஜின் அமைதியாகும்போதுதான் பொய் பெரிதாகும். கையால் மட்டும் திருகிய நட் தரையில் சில நாள் தாங்கிவிட்டு, வானத்தில் அதிர்ந்து கழன்றும் இருக்கலாம். அப்போது அவர் அளவியைப் பார்ப்பாரா, தரையைப் பார்ப்பாரா?

கடைசியில் அவர் வாய் திறந்தார். "ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். எல்லாக் கோட்டையும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து பார்ப்போம். நீ போட்டது, நான் போட்டது, எல்லாவற்றையும்" என்றார்.

நான்கு மாலைகள் ஆயின. வருவதாக இருந்த நண்பர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னோம். அந்த முதியவரிடமும் நானே தொலைபேசியில் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "நல்ல வேளை, நீயே சொன்னாய்" என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் மாலை என் கணவர் திடீரென்று வேலையை நிறுத்தினார். அவரே முடுக்கிக் கோடிட்ட எண்ணெய்க் குழாய்ப் பிடிப்பு ஒன்று தளர்ந்திருந்தது! இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அன்று முதல் எங்கள் கொட்டகையில் ஒரு சட்டம். முடுக்கியவர் கோடு இழுக்கக்கூடாது. மற்றவர் ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிட்டு அவரே இழுக்க வேண்டும். பல நாள் அந்தக் கோடுகளை இழுத்தவள் என் மகள்.

குழாயைச் சோதிக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டோம். சிலிண்டர் முனையைக் கழற்றி, அதில் ஊசியில்லாத மருத்துவச் சிரிஞ்சைப் பொருத்தி மெல்ல இழுத்தோம். அளவி 29-லிருந்து 20 அங்குலத்துக்கு இறங்கியது. குழாயை அங்கேயே அடைத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எண் நகரவில்லை. மகள் அளவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் எங்கேயும் போகலை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்று அறிவித்தாள்.

மார்ச்சு மாதத்தில் என்ஜின் முதல் மூச்சு விட்டது. நின்றிருந்தபோது 29 அங்குலம் காட்டிய அளவி, மெதுவான ஓட்டத்தில் 12-ஐ நெருங்கி நின்றது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலை, என் கணவர் தனியே வானேறினார். எங்கள் விமானத்துக்கு நாற்பது மணி நேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்பட்டிருந்தது. அதுவரை பயணி எவரும் ஏறக்கூடாது. நானும் மகளும் ஓடுதள வேலியருகே நின்று, கிளர்மோன் தோட்டத்துத் துறவியைப்போல, கீழிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது மணியும் நிறைந்தபின் ஒரு நாள் நான் ஏறினேன். 'இது சோதனை வகை விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதன்று' என்று பயணிக்கு எச்சரிக்கை எழுதி ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அமர்ந்தேன். வழியை முழுதும் திறந்தபடியே மேலே ஏற ஏற, ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலமாக அளவி இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடிக் குழாயுமில்லை, கிண்ணமுமில்லை, பாதரசமுமில்லை. ஆனாலும் பெரியே மலைமேல் கண்ட அதே உண்மையை என் கண்முன் கண்டேன். அந்த உண்மை என் கண்ணுக்கு வந்து சேர்ந்த வழி, நான் கையால் மட்டும் திருகிவிட்டுப் போன அந்தக் குழாய்தான்!

அருமைச் சகோதரியரே! செய்முறை ஏட்டில் நீங்கள் எழுதும் எண்ணும், வீட்டுப் பாடத்தின் அடியில் இடும் கையெழுத்தும், 'முடித்துவிட்டேன் சிஸ்டர்' என்று சொல்லும் சொல்லும் ஒவ்வோர் ஆரஞ்சுக் கோடுதான். அதை நம்பித்தான் அடுத்தவர் டார்ச்சை நகர்த்திக்கொண்டு போகிறார். வேலை பாதியில் நிற்பது குற்றமன்று. அழைப்பு வரும், அம்மா விழுவார்கள், கை மரத்துப்போகும். கோட்டை மட்டும் இழுக்காமல் விட்டுவிடுங்கள். தவறி இழுத்துவிட்டால், யாரையாவது எழுப்பிச் சொல்லிவிடுங்கள். நடுநிசியாக இருந்தாலும் சரி.

அம்மாவின் கை கூடிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறேன். நம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பழைய மேசை இன்னும் இருந்தால், அதனருகே சற்று நின்றுவிட்டுப் போக ஆசை.